கவுண்ட் இறங்கும் நாள்

குழந்தைகள் புற்றுநோய் வார்டுக்கு முதல்முறை போகிறவர்கள் அழுகைச் சத்தத்தை எதிர்பார்த்துப் போவார்கள். காதில் விழுவது பெரும்பாலும் சாப்பாட்டுச் சண்டைதான். ஆறு வயதுப் பையன், மொட்டைத் தலை, கன்னம் இரண்டும் பன் மாதிரி உப்பியிருக்கும், காலை பதினோரு மணிக்குள் மூன்றாவது தடவையாக உருளைக்கிழங்கு வறுவல் கேட்டு அடம்பிடித்துக்கொண்டிருப்பான். "இப்பதானடா சாப்ட்ட" என்று அம்மா சொல்வது பொய்யில்லை. அவன் பசியும் பொய்யில்லை. ரத்தப் புற்றுநோய்க்கு முதல் மாதம் தினமும் கொடுக்கிற ஸ்டீராய்டு அப்படித்தான் பசியைக் கிளப்பும். ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து தயிர்சாதம் கேட்கவைக்கும். முகத்தை வீங்கவைக்கும், ஒன்றுமில்லாததற்கெல்லாம் எரிந்துவிழவைக்கும். பலூனும் சாக்லேட் டப்பாவுமாக வந்தவர் இதைப் பார்த்துச் சிரிப்பார். அடுத்த நிமிடம் அவன் புறங்கையில் பிளாஸ்திரி போட்டு ஒட்டியிருக்கும் ஊசிக்குழாய் கண்ணில் படும். "இனிமே ஏதாவது செஞ்சே ஆகணும்" என்ற எண்ணம் அந்த வார்டுக்கும் லிஃப்டுக்கும் நடுவில் இருக்கிற வராந்தாவில்தான் பிறக்கிறது.

அந்த எண்ணம் நல்ல எண்ணம்தான். அதன் ஆயுள்தான் இடிக்கிறது. மிஞ்சிப்போனால் இரண்டு மூன்று வாரம். அந்தப் பையனின் சிகிச்சையோ இரண்டரை வருடம், சிலருக்கு மூன்று. ஒரு மதியத்தில் பொங்கின மனசை இரண்டரை வருடக் காலண்டரில் எங்கே, எந்தத் தேதியில் கொண்டுபோய் வைப்பது என்பதுதான் இங்கே பேச்சு.

முதலில் அந்தக் காலண்டரைப் புரிந்துகொள்ள வேண்டும். குழந்தைகளுக்கு வரும் புற்றுநோய்களில் அதிகம் வருவது மருத்துவர்கள் ஏ.எல்.எல். என்று சுருக்கிச் சொல்லும் ரத்தப் புற்றுநோய். எலும்பு மஜ்ஜையில் முதிராத வெள்ளணுக்கள் மளமளவென்று பெருகி, மற்ற அணுக்கள் உருவாக இடமில்லாமல் அடைத்துக்கொள்ளும். நோயைக் கண்டுபிடிக்கிற நாளில் உடம்பில் ஏறத்தாழ ஒரு லட்சம் கோடி நோயணுக்கள் இருக்கும். முதல் நான்கைந்து வார மருந்துகள், அதாவது ஸ்டீராய்டு, வின்கிறிஸ்டின், அஸ்பராஜினேஸ், முதுகில் போடும் மெத்தோட்ரெக்ஸேட் ஊசி எல்லாம் சேர்ந்து, அதில் பெரும்பகுதியை ஒழித்துவிடும். மைக்ராஸ்கோப்பில் மஜ்ஜை சுத்தமாகத் தெரியும். அப்போதும் அதன் கண்ணுக்குத் தப்பி ஆயிரம் கோடி வரை ஒளிந்திருக்கலாம். அதற்காகத்தான் அடுத்த பல மாதம் கடுமையான கீமோ. அதற்கப்புறம் வருடக்கணக்கில் வீட்டிலிருந்தபடியே தினமும் மெர்காப்டோப்யூரின் மாத்திரை, வாரத்தில் ஒரு நாள் மெத்தோட்ரெக்ஸேட். இதை முழுசாக முடிக்கிற வசதியுள்ள நாடுகளில் பத்துக்கு எட்டுப் பிள்ளைகளுக்கு மேல் பிழைத்துக்கொள்கிறார்கள்.

இந்த மருந்துகள் நோயணுவையும் நல்ல அணுவையும் பிரித்துப் பார்த்து அடிப்பதில்லை. கீமோ போட்டு ஏழாம் நாளிலிருந்து பதினான்காம் நாள் வரை ரத்த எண்ணிக்கை தரையைத் தொடும். வார்டில் இதைக் "கவுண்ட் இறங்கிடுச்சு" என்பார்கள். காலையில் டாக்டர் வருவதற்கு முன்னாலேயே அம்மாக்கள் பிள்ளையின் காலைத் தூக்கிப் பார்ப்பார்கள். கணுக்காலில் கொசுக்கடி மாதிரிச் சிவப்புப் புள்ளிகள் இருக்கிறதா என்று. கொசுக்கடியை விரலால் அழுத்தினால் ஒரு விநாடி வெளுத்துப்போகும். இந்தப் புள்ளி வெளுக்காது. தோலுக்கடியில் கசிந்த ரத்தம் அது. ரத்தத்தை உறையவைக்கும் பிளேட்லெட் அணுக்கள் குறைந்துவிட்டன என்று அர்த்தம். நல்ல உடம்பில் ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் ஒன்றரை லட்சத்திலிருந்து நாலரை லட்சம் வரை இருக்க வேண்டியது, 10,000-க்குக் கீழே போனால் ரத்தம் கசியாவிட்டாலும் ஏற்றுவார்கள். காய்ச்சல் இருந்தால் 20,000-லேயே ஏற்றிவிடுவார்கள். முதுகு ஊசி போடுகிற நாளென்றால் இன்னும் அதிகம் இருக்க வேண்டும். ஏற்றுகிற அளவு எடைக்குத் தகுந்தபடி, கிலோவுக்குப் 10 மில்லி கணக்கு. 15 கிலோப் பையனுக்கு 150 மில்லி. அது மூன்று நாலு நாள் தாங்கும். காய்ச்சலோ தொற்றோ இருந்தால் அவ்வளவும் தாங்காது, மறுபடி ஏற்ற வேண்டும்.

வராந்தாவில் கண் கலங்கினவர் செய்யக்கூடிய காரியங்களில் முதல் இடம் பிளேட்லெட் தானத்துக்குத்தான். காரணம் எளிது. சிவப்பணுவைக் குளிர்பெட்டியில் 35 நாள், சேர்க்கும் கரைசலைப் பொறுத்து 42 நாள் வரை வைக்கலாம். பிளேட்லெட்டைக் குளிர்பெட்டியில் வைக்கவே கூடாது. 20 முதல் 24 டிகிரி வெப்பத்தில், ஓயாமல் தொட்டில் மாதிரி ஆடிக்கொண்டிருக்கிற தட்டில் வைக்க வேண்டும். ஆட்டம் நின்றால் அணுக்கள் ஒட்டிக் கட்டியாகிவிடும். இத்தனை செய்தும் ஐந்தே நாள். ஆறாம் நாள் குப்பை. எவ்வளவு பெரிய ஆஸ்பத்திரியாக இருந்தாலும் பிளேட்லெட்டைச் சேர்த்துவைக்க முடியாது. இந்த வாரம் யாரோ வந்து கொடுத்தால்தான் இந்த வாரம் இருக்கும்.

நம் ஊர் ரத்த தான முகாம்களின் கோளாறு இங்கேதான் தெரியும். தலைவர் பிறந்தநாளில் ஒரே மண்டபத்தில் நூற்றுக்கணக்கில் பை நிரம்பும். அதிலிருந்து பிரிக்கிற பிளேட்லெட் அத்தனையும் ஒரே நாளில் காலாவதியாகும். அடுத்த வாரம் அதே ரத்த வங்கியில் வெறுந்தட்டு ஆடிக்கொண்டிருக்கும். பொங்கலுக்கு நாலு நாள் தொடர் விடுமுறை, தீபாவளி, கல்லூரிகள் பூட்டிக்கிடக்கிற மே மாதம், இவைதான் கையைப் பிசையவைக்கிற நாட்கள். மழைக்காலத்தில் டெங்கு வேறு சேர்ந்துகொள்ளும். பெரியவர்களுக்கு 40,000 இருந்தாலே "ஏத்துங்க டாக்டர்" என்று உறவினர்கள் நெருக்குவதும், கசிவு ஒன்றுமில்லாதவருக்கும் ஏற்றிவிடுவதும் நடக்கிறது. ஆகவே புதிதாகக் கொடுக்க வருகிறவருக்குச் சொல்ல வேண்டியது: உங்கள் பிறந்தநாளுக்குக் கொடுக்காதீர்கள். போகிக்கு முந்தின நாள் கொடுங்கள்.

பிளேட்லெட் இரண்டு வழியில் கிடைக்கும். வழக்கமான ரத்த தானத்தில் எடுக்கிற 350 அல்லது 450 மில்லியிலிருந்து பிரிப்பது ஒன்று. ஒரு பையில் 50 முதல் 70 மில்லிதான் தேறும். பெரிய ஆளுக்கு ஒரு வேளைக்கு ஐந்தாறு பேருடையது வேண்டும். இன்னொன்று அஃபெரிசிஸ், ஆஸ்பத்திரிப் பேச்சில் எஸ்.டி.பி., அதாவது ஒரே கொடையாளியின் பிளேட்லெட். கையிலிருந்து ரத்தம் எந்திரத்துக்குள் போகும், அங்கே சுழற்றிப் பிளேட்லெட்டை மட்டும் பைக்கு அனுப்பிவிட்டு மிச்சத்தை உங்களுக்கே திருப்பி ஏற்றிவிடும். ஒருவரிடமிருந்தே ஆறு பை அளவுக்குக் கிடைத்துவிடுகிறது. குழந்தைக்கு ஆறு பேருடைய அணுக்களைச் சந்திப்பதைவிட ஒருவருடையதைச் சந்திப்பது நல்லது. பலருடையதை ஏற்ற ஏற்ற உடம்பு எதிர்ப்புப் பொருள் உண்டாக்கிக்கொண்டு, பிறகு எதை ஏற்றினாலும் கவுண்ட் ஏறாமல் போகக்கூடும்.

எஸ்.டி.பி. கொடுக்க வயது 18-லிருந்து 60, எடை 50 கிலோவுக்கு மேல், ஹீமோகுளோபின் 12.5, உங்கள் பிளேட்லெட் எண்ணிக்கை ஒன்றரை லட்சத்துக்கு மேல். இதையெல்லாம்விட அதிகம் பேரைத் திருப்பி அனுப்புவது முழங்கை மடிப்பில் இருக்கிற நரம்பு. அது மெலிந்திருந்தால் எந்திரம் இழுக்கிற வேகத்துக்கு ரத்தம் வராது. அரை மணி நேரம் காத்திருந்து, "நரம்பு சரியா இல்லீங்க" என்று கேட்டுத் திரும்புகிறவர்கள் மனசு உடைந்துபோவார்கள். அவசியமில்லை. வழக்கமான ரத்த தானம் செய்யலாம், அதிலும் பிளேட்லெட் பிரியும். பிரசவம் கண்ட பெண்களுடைய பிளேட்லெட்டைச் சில வங்கிகள் தவிர்க்கும். கர்ப்பத்தில் உருவாகியிருக்கக்கூடிய எதிர்ப்புப் பொருள் நோயாளியின் நுரையீரலைத் தாக்கலாம் என்ற எச்சரிக்கைதான் காரணம். பச்சை குத்தியிருந்தால் ஒரு வருடம், டைபாய்டு வந்திருந்தால் குணமாகி ஒரு வருடம், டெங்குவுக்கு ஆறு மாதம், மலேரியாவுக்கு மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். ஆஸ்பிரின் மாத்திரையைப் பலர் மறைப்பதில்லை, மறந்துவிடுகிறார்கள். தலைவலிக்கு என்று கடையில் வாங்கிப் போட்ட மாத்திரையிலும் ஆஸ்பிரின் இருக்கலாம். அது பிளேட்லெட்டின் ஒட்டும் குணத்தைக் கெடுத்துவிடும். மூன்று நாள் இடைவெளி வேண்டும். பையைப் பார்த்தால் நன்றாகத்தான் இருக்கும். பிள்ளைக்கு ஏற்றினால் வேலை செய்யாது.

முந்தின வேளைச் சாப்பாடும் முக்கியம். வெறும் வயிற்றில் போகக் கூடாது என்று கேள்விப்பட்டு, பிரியாணியோ நெய் வழிகிற பொங்கல் வடையோ ஒரு பிடி பிடித்துவிட்டு வருகிறவர்கள் உண்டு. கொழுப்பு அதிகமான சாப்பாட்டுக்குப் பிறகு ரத்தத்தின் நீர்ப்பகுதி பால் மாதிரி வெள்ளையாகிவிடும். எந்திரத்தின் ஒளி உணரிகள் குழம்பும், சேகரித்த பையையே ஒதுக்க வேண்டியும் வரும். நாலு இட்லி சாம்பார், இரண்டு டம்ளர் தண்ணீர், இது போதும். முந்தின நாளிலிருந்தே பால், தயிர், மோர் கொஞ்சம் கூடுதலாகச் சேர்த்துக்கொள்வது நல்லது. ஏனென்றால் எந்திரத்தில் ரத்தம் உறையாமலிருக்கச் சிட்ரேட் சேர்க்கிறார்கள். அது உங்களுக்குத் திரும்பி வரும்போது ரத்தத்திலிருக்கும் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். உதட்டைச் சுற்றி எறும்பு ஊர்வது போல இருந்தால், விரல் நுனி மரத்தால், உடனே டெக்னீஷியனிடம் சொல்லிவிடுங்கள். வேகத்தைக் குறைத்து, சப்புவதற்கு ஒரு கால்சியம் மாத்திரை கொடுப்பார்கள். ஐந்து நிமிடத்தில் சரியாகிவிடும். வீரமாகப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தால் விரல்கள் இழுத்துக்கொள்ளும். திரும்பி வருகிற ரத்தம் கொஞ்சம் ஆறியிருப்பதால் குளிரும். போர்வை கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம்.

எந்திரத்தோடு இருப்பது ஒன்று, ஒன்றரை மணி நேரம். அதற்கு முன்னால் ரத்த மாதிரி எடுத்து எச்.ஐ.வி., மஞ்சள் காமாலை பி, சி, பால்வினை நோய், மலேரியா சோதனைகளின் முடிவு வர வேண்டும். மொத்தத்தில் அரை நாள் விடுப்பு போட்டுவிட்டுப் போவதுதான் புத்திசாலித்தனம். "பன்னண்டு மணிக்கு மீட்டிங் இருக்கு" என்று நடுவில் எழுந்து போகிறவரால் ஒரு முழு கிட் வீணாகும். அது ஒருமுறை மட்டும் பயன்படுத்துகிற குழாய்த் தொகுதி, விலையும் அதிகம். ஒருமுறை கொடுத்தவர் 48 மணி நேரம் கழித்து மறுபடி கொடுக்கலாம். வாரத்துக்கு இரண்டுக்கு மேல் கூடாது, வருடத்துக்கு 24-க்கு மேல் கூடாது. கூட்டிக் கழித்தால் மாதம் இரண்டு. முழு ரத்தமென்றால் ஆண்களுக்கு 90 நாள், பெண்களுக்கு 120 நாள் இடைவெளி. முழு ரத்தம் கொடுத்தவர் பிளேட்லெட் கொடுக்க 28 நாள் பொறுக்க வேண்டும்.

"அப்பா அம்மா இருக்காங்களே, அவங்க கொடுக்கக் கூடாதா?" என்று கேட்பவர்கள் உண்டு. கொடுக்கக் கூடாது என்றே பெரும்பாலும் சொல்வார்கள். நெருங்கிய சொந்தத்தின் ரத்தத்திலுள்ள வெள்ளணுக்களை எதிர்ப்புச் சக்தி குன்றிய குழந்தையின் உடம்பு அந்நியமென்று கண்டுகொள்ளாமல் விட்டுவிடும். அவை உள்ளே பெருகிக் குழந்தையையே தாக்கும். அபூர்வம்தான், ஆனால் வந்தால் காப்பாற்றுவது மிகக் கடினம். சொந்தத்தின் ரத்தத்தை ஏற்றியே ஆக வேண்டுமென்றால் அந்த ரத்தப் பைக்குக் கதிர்வீச்சு கொடுத்த பிறகுதான் ஏற்ற வேண்டும். இன்னொன்று, நாளைக்கு எலும்பு மஜ்ஜை மாற்ற வேண்டி வந்தால் தம்பியோ அக்காவோதான் கொடையாளி. அவர்களுடைய ரத்தத்தை இப்போதே ஏற்றிப் பழக்கினால் அன்றைக்கு உடம்பு அதைத் தள்ளிவிடக்கூடும். தன் பிள்ளைக்குத் தானே கொடுக்க முடியாமல் வராந்தாவில் நிற்கிற அப்பாக்களுக்கு இது புரியவைப்பது எளிதில்லை. அவர் இன்னொரு பிள்ளைக்குக் கொடுக்கலாம், இன்னொரு பிள்ளையின் அப்பா இவனுக்குக் கொடுக்கலாம். நம் வார்டுகளில் பல நட்புகள் அப்படித்தான் ஆரம்பிக்கின்றன.

காசு கொடுத்து ஆள் பிடிக்கிற வழி சட்டப்படி அடைக்கப்பட்டுவிட்டது. உச்ச நீதிமன்றம் 1996-ல் கொடுத்த தீர்ப்பின்படி 1998 ஜனவரி 1 முதல் ரத்தத்தை விலைக்குக் கொடுப்பது தடை. பரிசோதனைக்கும் பிரிப்பதற்கும் ஆகிற செலவை மட்டும் வங்கிகள் வாங்கலாம்.

வாட்ஸப்பில் வருகிற "அவசரம், ஓ நெகட்டிவ் தேவை" செய்திகளைப் பற்றி ஒரு வார்த்தை. அனுப்புகிறவர் நீங்களென்றால், அதில் ஆஸ்பத்திரி, ஊர், ரத்த வகை, முழு ரத்தமா பிளேட்லெட்டா, எத்தனை பை, எந்தத் தேதிக்குள், யாரைக் கூப்பிட வேண்டும், இத்தனையும் இருக்க வேண்டும். தேவை தீர்ந்ததும் அதே குழுவில் "கிடைத்துவிட்டது, நிறுத்திவிடுங்கள்" என்று போட வேண்டும். தேதியில்லாத செய்தி வருடக்கணக்கில் சுற்றும். பிள்ளையைப் பறிகொடுத்த தாயின் போனுக்கு நடு ராத்திரியில் யாரோ நல்ல மனுஷர் கூப்பிட்டு, "பையனுக்கு இன்னும் ரத்தம் வேணுமாம்மா?" என்று கேட்பார். அவருடைய தப்பு எதுவுமில்லை. குழந்தையின் படத்தைச் சேர்த்து அனுப்புவது இன்னொரு பழக்கம். மொட்டைத் தலையும் மூக்குக் குழாயுமான அந்தப் படம் அவன் பத்தாம் வகுப்பு படிக்கும்போதும் இணையத்தில் இருக்கும்.

படமில்லாமல் என்ன நடக்கும் என்பதற்கு ஒரு பழைய உதாரணம் இருக்கிறது. 1948 மே 22 அன்று அமெரிக்காவில் பாஸ்டன் குழந்தைகள் ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு பையன் வானொலியில் பேசினான். வயது 12, வயிற்றில் புற்றுநோய். உண்மைப் பெயரை மறைத்து 'ஜிம்மி' என்று வைத்தார்கள். பேசிக்கொண்டிருக்கும்போதே அவனுக்குப் பிடித்த பாஸ்டன் பிரேவ்ஸ் பேஸ்பால் அணிக்காரர்கள் அறைக்குள் வந்து நின்றார்கள். அவர்கள் ஆடுவதைப் பார்க்க ஒரு டிவி வேண்டும் என்றான். 20,000 டாலர் சேர்ந்தால் டிவி என்றார்கள். அந்த வருடம் இரண்டு லட்சம் டாலருக்கு மேல் வந்து குவிந்தது. அந்தப் பணம் போய்ச் சேர்ந்தவர் அதே ஆஸ்பத்திரியின் மருத்துவர் சிட்னி ஃபார்பர். அதே வருடம் ஜூனில்தான் அவர் ரத்தப் புற்றுநோய் வந்த 16 பிள்ளைகளுக்கு அமினோப்டெரின் மருந்து கொடுத்ததில் 10 பேருக்கு நோய் தற்காலிகமாகப் பின்வாங்கியதை வெளியிட்டார். அந்த மருந்து வந்தது எல்லாப்பிரகட சுப்பாராவ் தலைமை தாங்கிய ஆய்வகத்திலிருந்து. பீமவரத்தில் பிறந்து, நம் மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியில் படித்தவர். இன்றைக்கும் பிள்ளைகள் வாரம் ஒரு நாள் போடுகிற மெத்தோட்ரெக்ஸேட் அதே குடும்பத்து மருந்துதான். ஜிம்மியோ செத்துப்போயிருப்பான் என்றே எல்லாரும் நினைத்திருந்தார்கள். ஐம்பது வருடம் கழித்து, 1998-ல், அவர் உயிரோடிருப்பது உலகத்துக்குத் தெரியவந்தது. ஐனார் கஸ்டாஃப்ஸன் என்ற லாரி ஓட்டுநர். அத்தனை வருடமும் யாரும் அவரைத் துரத்திப் பரிதாபப்படவில்லை. பெயர் மறைத்ததன் நன்மை அது.

வார்டுக்குப் போய்ப் பார்க்கத்தான் வேண்டும் என்கிறவர்களுக்குச் சில கண்டிப்புகள். கவுண்ட் இறங்கிய பிள்ளைக்கு நம் சாதாரணச் சளியே பெரிய காரியம். தொண்டை கரகரத்தாலே போகாதீர்கள். உங்கள் வீட்டிலோ தெருவிலோ அம்மை போட்ட பிள்ளையோடு பழகியிருந்தால் மூன்று வாரம் அந்தப் பக்கமே தலைகாட்டக் கூடாது. சின்னம்மை வெளியே தெரிய 21 நாள் வரை ஆகும், கொப்புளம் வருவதற்கு முன்னாலேயே பரவவும் செய்யும். இந்தப் பிள்ளைகளுக்கு அது உயிருக்கே ஆபத்து. சோப்புப் போட்டு 40 விநாடியாவது கை கழுவுங்கள். விரலிடுக்கையும் கட்டைவிரலையும்தான் எல்லாரும் விட்டுவிடுவார்கள். பூ வேண்டாம், நறுக்கிய பழம் வேண்டாம், பழைய கரடி பொம்மை வேண்டாம். துடைத்து எடுக்கக்கூடிய பிளாஸ்டிக் சாமான், புதுக் கலர் பென்சில், வரைபுத்தகம் சரி. சாப்பாடு கொண்டுபோகிற ஆசை இருந்தால் முதலில் அம்மாவைக் கேளுங்கள். கடைச் சட்னிக்கு அங்கே இடமில்லை. வீட்டில் செய்து சூட்டோடு கொடுப்பதை மட்டும்தான் தருவார்கள். கட்டிலில் உட்காராதீர்கள். "எந்த ஸ்டேஜ்?" என்று கேட்காதீர்கள். "நீ பெரிய போராளிடா" என்று சொல்கிறவர்களை அந்தப் பிள்ளைகள் பார்க்கிற பார்வையைப் பார்த்தால் அடுத்த தடவை சொல்ல வாய் வராது. அவனுக்குப் போராட்டமெல்லாம் தெரியாது, முதுகு ஊசி இன்றைக்கா நாளைக்கா என்பதுதான் அவன் கவலை. பக்கத்தில் அவன் அக்காவோ தங்கையோ இருந்தால் பெயர் சொல்லி அவளிடமும் நாலு வார்த்தை பேசுங்கள். வீட்டில் மாதக்கணக்காக யாரும் கண்டுகொள்ளாத பிள்ளை அவள்தான்.

இதற்கெல்லாம் வெளியே, ஆஸ்பத்திரிக்கு 150 கிலோமீட்டர் தள்ளி இருக்கிற கிராமத்தில், யாரும் பார்க்காத ஓர் இடம் இருக்கிறது. ராத்திரி ஒரு மணிக்கு வீட்டில் வருகிற காய்ச்சல். வெள்ளணு இறங்கிய பிள்ளைக்குத் தெர்மாமீட்டர் 38.3 டிகிரி, அதாவது 101 ஃபாரன்ஹீட் காட்டினால், அல்லது 38-ல் ஒரு மணி நேரம் நின்றால், விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. ஆஸ்பத்திரி வாசலை மிதித்த ஒரு மணி நேரத்துக்குள் நரம்பு வழியாக ஆன்டிபயாடிக் இறங்க வேண்டும். இங்கே நடக்கிற தப்புகள் எல்லா ஊரிலும் ஒன்றேதான். பாராசிட்டமால் கொடுத்து சூட்டை இறக்கிவிட்டு, "விட்டுடுச்சு" என்று படுத்துவிடுவது ஒன்று. தெருமுனைக் கிளினிக்கில் இடுப்பில் ஊசி போட்டுக்கொள்வது இன்னொன்று. பிளேட்லெட் குறைந்த உடம்பில் ஊசி இறங்கின சதைக்குள் ரத்தம் கட்டும், சீழும் பிடிக்கும். முதல் பஸ்ஸுக்குக் காத்திருப்பது மூன்றாவது. 108 இருக்கிறது, உண்மை. அது அருகிலுள்ள ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும். அங்கேயிருக்கிறவருக்கு இந்தப் பிள்ளையின் சிகிச்சை தெரியாது. ஆகவே அந்த ஊரில் காரோ ஆட்டோவோ வைத்திருக்கிற ஒருத்தர், "எந்நேரமானாலும் கூப்பிடுங்கக்கா" என்று சொல்லி, சொன்னபடி எழுந்து வருவாரானால், அவர் செய்வது வார்டில் நூறு பலூன் கட்டினதற்குச் சமமில்லை, மேலே. பிள்ளையின் மருத்துவக் குறிப்பேடு எந்தப் பையில் இருக்கிறது, ஆஸ்பத்திரியின் ராத்திரி நம்பர் எது, வண்டியில் டீசல் இருக்கிறதா, இந்த மூன்றும் அவருக்குத் தெரிந்திருந்தால் போதும்.

சிகிச்சைச் செலவுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கிற குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் வரை. குடும்ப அட்டையும் கிராம நிர்வாக அலுவலர் தரும் வருமானச் சான்றும் வேண்டும். பிள்ளையின் பெயர் குடும்ப அட்டையில் சேர்ந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள், பெயர் விடுபட்டிருந்தால் அதற்கே அலைய வேண்டிவரும். காப்பீடு மருந்துக்குக் கொடுக்கும். பஸ் டிக்கெட்டுக்கும், வாடகை அறைக்கும், அப்பா விட்ட கூலிக்கும் கொடுக்காது. சிகிச்சை நடுவில் நிற்பது பெரும்பாலும் இந்த ஓட்டைகள் வழியாகத்தான்.

நான்கு வாரமும் அதற்கு மேலும் தொடர்ந்து வராவிட்டால் 'சிகிச்சையைக் கைவிட்டது' என்று உலகளவில் கணக்கிடுகிறார்கள். கைவிடுகிற பெற்றோரைத் திட்டுவது சுலபம். முதல் மாதம் முடிந்ததும் பிள்ளைக்கு முடி இல்லை, ஆனால் ஓடுகிறான், சாப்பிடுகிறான், ரிப்போர்ட்டில் நோயணு இல்லை என்று எழுதியிருக்கிறது. ஊரில் எல்லாரும் "நல்லாயிட்டானே, இன்னும் எதுக்கு அவன அந்த மருந்தப் போட்டு வாட்டறீங்க?" என்பார்கள். மைக்ராஸ்கோப்புக்குத் தெரியாத அந்த ஆயிரம் கோடியை அம்மாவுக்கு யார் சொல்வது? உதவ நினைக்கிறவர் ஒரே ஒரு குடும்பத்தை எடுத்துக்கொண்டு, அடுத்த கீமோ தேதிக்கு இரண்டு நாள் முன்னால் போன் செய்து, "செவ்வாய்க்கிழமை வரணும், டிக்கெட்டுக்கு இருக்கா?" என்று கேட்டால் அதுவே பெரிய மருத்துவம். இரண்டரை வருடமும் கேட்க வேண்டும். கேட்க முடியாத மாதங்களில் யார் கேட்பார் என்று முன்கூட்டியே ஓர் ஆளைப் பேசி வைத்திருக்க வேண்டும். பணத்தைக் கையில் மொத்தமாகக் கொடுப்பதைவிட ஒவ்வொரு வருகைக்கும் பஸ் செலவாகக் கொடுப்பது நல்லது. மொத்தப் பணம் முதல் வாரத்திலேயே பழைய கடனுக்குப் போய்விடும், அதில் யாரையும் குறை சொல்லவும் முடியாது.

ஸ்டெம் செல், அதாவது ரத்த அணுக்களை உருவாக்கும் மூல அணுக்கள், கொடுக்கும் கொடையாளியாகப் பெயர் பதிவது கடைசியாகச் சொல்ல வேண்டியது, அவசரப்பட்டுச் செய்யக் கூடாததும். நோய் திரும்பிய பிள்ளைகளில் பலருக்கும், தலசீமியா என்ற பரம்பரை ரத்தக் கோளாறு உள்ள குழந்தைகளுக்கும் மஜ்ஜை மாற்றம் தேவைப்படும். கூடப்பிறந்த ஒருவர் பொருந்துவதற்கு நாலில் ஒரு வாய்ப்புதான். வெளியே தேடினால் அதே மக்கள் கூட்டத்துக்குள்ளேதான் பொருத்தம் அதிகம் கிடைக்கும். தமிழ்ப் பிள்ளைக்குத் தமிழ்க் கொடையாளிகள் பதிந்திருந்தால்தான் நல்லது. சென்னையில் 2009-ல் தொடங்கின டாத்ரி பதிவகம் இதைச் செய்கிறது. கன்னத்தின் உள்பக்கம் பஞ்சுக்குச்சியால் தேய்த்துக் கொடுத்துவிட்டால் பதிவு முடிந்தது. போன் வருவது ஐந்து வருடம் கழித்தாகவும் இருக்கலாம், வராமலே போகலாம். வந்தால் ஐந்து நாள் ஊசி, எலும்பெல்லாம் காய்ச்சல் வந்த மாதிரி வலி, பிறகு நாலு முதல் ஆறு மணி நேரம் எந்திரம். வலி தாங்கக்கூடியதுதான். தாங்க முடியாமல் போவது வீட்டாரின் பயம். "முதுகெலும்பில ஓட்ட போடுவாங்களாமே" என்று மாமியார் அழுவார், கொடையாளி பின்வாங்குவார். மாற்று சிகிச்சைக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்பே பிள்ளையின் சொந்த மஜ்ஜையை மருந்தால் அழித்துவிடுகிறார்கள். அதற்குப் பிறகு செல் வராவிட்டால் அவனுக்கு வேறு வழியில்லை. ஆகவே கல்லூரி முகாமில் நண்பர்களோடு சேர்ந்து குச்சியைத் தேய்ப்பதற்கு முன்னால், வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் இந்தப் பேச்சை ஒருமுறை எடுத்துவிடுங்கள். வீட்டில் ஒத்துக்கொள்ளவில்லையென்றால் பதியாதீர்கள். பிளேட்லெட் கொடுங்கள், யார் சம்மதமும் வேண்டாம்.

பிளேட்லெட் கொடுத்துவிட்டு ஜூஸ் குடித்துக்கொண்டிருக்கிறவர்கள் அனேகமாக எல்லாரும் ஒன்று கேட்பார்கள். "இது எந்தக் குழந்தைக்குப் போகும்?" வங்கியில் சொல்ல மாட்டார்கள். பையின் மேல் ஒட்டியிருக்கிற தாளில் ரத்த வகை, எடுத்த தேதி, காலாவதி தேதி, ஒரு எண், அவ்வளவுதான் இருக்கும். உள்ளே இருப்பது வைக்கோல் நிறத்தில், கலங்கிய மோர்த் தண்ணீர் மாதிரி இருக்கும். வெளிச்சத்தில் பிடித்து மெல்ல அசைத்தால் உள்ளே பட்டு நூல் சுழல்வது போலத் தெரியும். அணுக்கள் உயிரோடிருந்தால்தான் அந்தச் சுழல் தெரியும், டெக்னீஷியன்கள் வெளியே அனுப்புமுன் அதைப் பார்ப்பார்கள். பிறகு ஆடுகிற தட்டில் இடம் பார்த்து வைத்துவிட்டு, உங்களிடம் திரும்பி, அடுத்த தேதியைக் கேட்பார்கள்.